பதினொரு நிமிடம் பின்தங்கும் கடிகாரம்

1980களில் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வுக்காக வாங்கிவந்த ஹாம்ஸ்டர்களில் ஒன்று மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை. ஹாம்ஸ்டர் எலி இனத்தைச் சேர்ந்த இரவு விலங்கு. இருட்டியதும் எழுந்து கூண்டுக்குள் இருக்கும் சக்கரத்தில் ஏறி ஓடும். சக்கரம் சுற்றுவதெல்லாம் கருவியில் பதிவாகும். பகலா இரவா என்று தெரியாதபடி நாள்கணக்கில் முழு இருட்டில் அடைத்துவைத்தாலும், ஏறக்குறைய 24 மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து ஓடத் தொடங்கிவிடும். இந்த ஆண் ஹாம்ஸ்டர் மட்டும் 22 மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்தது. அதாவது ஒவ்வொரு நாளும் இரண்டு மணி நேரம் முன்னதாக.

மைக்கேல் மெனாக்கரின் ஆய்வகத்தில் மாணவராக இருந்த மார்ட்டின் ரால்ஃபின் கண்ணில் இது பட்டது. அதைக் கொண்டு குட்டிகளைப் பெருக்கினார்கள். சில குட்டிகளுக்கு நாள் என்பது 22 மணி நேரம், சிலவற்றுக்கு 20 மணி நேரம்தான். ஒரு மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று மாறியிருந்தால் 22, இரண்டுமே மாறியிருந்தால் 20. அந்த மாற்றத்துக்கு ‘டாவ்’ என்று பெயரிட்டு 1988-இல் அறிவித்தார்கள். வேறு ஆய்வகமாக இருந்தால், கணக்கில் உதைக்கும் ஒரு விலங்கை ஒதுக்கிவிட்டு அடுத்த கூண்டுக்குப் போயிருப்பார்கள். ஒதுக்காமல் விட்டதன் பலன் இரண்டு ஆண்டுகளில் தெரிந்தது.

மூளையின் அடிப்பகுதியில், இரண்டு கண்களிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஹைப்போதலாமஸின் ஓரத்தில், ஊசித்தலை அளவுகூட இல்லாத ஒரு ஜோடி நரம்புத் திரள்கள் இருக்கின்றன. சுப்ராகயாஸ்மாட்டிக் நியூக்ளியஸ் என்பது அவற்றின் நீண்ட பெயர். சுருக்கமாக எஸ்.சி.என். எலியின் மூளையில் இரண்டையும் சேர்த்துச் சுமார் 20,000 செல்கள்தான். கண்ணிலிருந்து ஒரு நரம்பிழை நேராக இங்கே வருகிறது என்று 1972-இல் தெரியவந்தது. அதே ஆண்டு சிகாகோவில் ராபர்ட் மூரும் விக்டர் ஐக்லரும், பெர்க்லியில் ஃபிரெட்ரிக் ஸ்டெஃபனும் இர்விங் ஸக்கரும் தனித்தனியாக எலிகளில் இந்தத் திரளை அழித்துப் பார்த்தார்கள். மூர் குழு அட்ரீனல் சுரப்பியின் ஹார்மோனைக் கவனித்தது, ஸக்கர் குழு எலி எப்போது தண்ணீர் குடிக்கிறது, எப்போது ஓடுகிறது என்று கவனித்தது. இரண்டிலுமே நாளின் ஒழுங்கு காணாமல் போனது. எலி முன்போலவே தூங்கியது, ஓடியது, குடித்தது. ஆனால் இருபத்துநான்கு மணி நேரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்தது எல்லாம்.

ஆனாலும் ஒரு ஐயம் பாக்கி. கம்பியை அறுத்தால் விளக்கு அணையும், அதனால் மின்சாரம் கம்பியில்தான் உற்பத்தியாகிறது என்று ஆகிவிடாது. எஸ்.சி.என். வேறெங்கோ இருக்கும் கடிகாரத்தின் செய்தியைக் கடத்தும் வழியாக மட்டும் இருக்கலாமே? இதை அறுதியிட டாவ் ஹாம்ஸ்டர் வந்து சேர்ந்தது. 1990-இல் ரால்ஃபும் மெனாக்கரும் ரஸ்ஸல் ஃபாஸ்டர் உள்ளிட்ட சகாக்களும் ஒரு மாற்று அறுவையைச் செய்தார்கள். சாதாரண ஹாம்ஸ்டரின் எஸ்.சி.என்.-ஐ அழித்துவிட்டு, டாவ் வம்சத்துக் கருவிலிருந்து எடுத்த எஸ்.சி.என். திசுவை அதன் மூளைக்குள் வைத்தார்கள். சிதறிக் கிடந்த ஓட்டம் சில நாள்களில் மீண்டும் ஒழுங்குக்கு வந்தது. திரும்பி வந்தது அந்த ஹாம்ஸ்டரின் பழைய 24 மணி நேர நாள் அல்ல, தானம் தந்ததன் 20 மணி நேர நாள். தலைகீழாக, டாவ் ஹாம்ஸ்டருக்குள் சாதாரணத் திசுவை வைத்தால் 24 வந்தது. எந்த உடம்பில் வைத்தாலும் நாளின் நீளத்தைத் தீர்மானித்தது அந்தத் துளித் திசுதான். மூளையின் ஒரு வேலையை இவ்வளவு ஐயமின்றி ஓரிடத்தோடு பொருத்திக் காட்டிய சோதனைகள் மிகக் குறைவு.

புளியமரத்தின் இலைகள் இரவில் கூம்புவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பிரெஞ்சு வானியலாளர் ஜான்-ஜாக் தெ மேரான் 1729-இல் ஒரு தொட்டாற்சிணுங்கி வகைச் செடியை இருட்டில் வைத்துவிட்டுப் பார்த்தார். வெயிலைக் காணாமலேயே இலைகள் பகலில் விரிந்தன, இரவில் மூடின. நேரம் உள்ளேயிருந்து வருகிறது என்பதற்கான முதல் தடயம் அது. செடிக்கு மூளை கிடையாது, எஸ்.சி.என். கிடையாது. அப்படியானால் கடிகாரம் என்பது நரம்புகள் கூடிச் செய்யும் வேலை அல்ல, அதைவிட அடிமட்டத்தில் செல்லுக்குள்ளேயே இருக்கவேண்டும்.

இருக்கிறது என்பதை 1995-இல் டேவிட் வெல்ஷும் ஸ்டீவன் ரெப்பர்ட்டும் அவர்களுடைய சகாக்களும் கண்ணாடித் தட்டில் காட்டினார்கள். எலிக்குட்டிகளின் எஸ்.சி.என். செல்களைப் பிரித்தெடுத்து நுண்மின்முனைகள் பதித்த தட்டில் வாரக்கணக்கில் வளர்த்தார்கள். ஒவ்வொரு செல்லும் ஏறத்தாழ ஒரு நாள் சுழற்சியில் மின்துடிப்பைக் கூட்டியும் குறைத்தும் வந்தது. ஆனால் ஒரே தட்டில் அருகருகே இருந்த இரண்டு செல்கள் ஒரே நேரத்தைக் காட்டவில்லை. ஒன்றுக்கு உச்சிவேளை என்றால் பக்கத்தில் இருப்பதற்கு நள்ளிரவு. உயிருள்ள மூளையில் இந்த ஆயிரக்கணக்கான செல்களும் ஒன்றுக்கொன்று சமிக்ஞை அனுப்பி ஒரே நேரத்துக்கு இசைந்துவிடுகின்றன. அந்தச் சத்தக்காட்டிலிருந்து ஒரு பொது நேரம் பிறக்கிறது.

செல்லுக்குள் நடப்பதைப் பழ ஈயிடமிருந்துதான் கற்றோம். கலிஃபோர்னியா தொழில்நுட்ப நிறுவனத்தில் ரோனால்ட் கொனோப்காவும் சீமோர் பென்சரும் 1971-இல் மூன்று வகைப் பிறழ்வு ஈக்களைக் கண்டுபிடித்தார்கள். ஒன்றின் நாள் 19 மணி நேரம், இன்னொன்றுக்கு 28, மூன்றாவதற்கு நாள் என்பதே இல்லை. மூன்றிலும் பழுது ஒரே மரபணுவில்தான் இருந்தது. அதற்கு ‘பீரியட்’ என்று பெயர். 1984-இல் ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகியோர் அந்த மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். அந்த மூவருக்கும் 2017-இல் மருத்துவ நோபல் கிடைத்தது. பென்சர் 2007-இலும் கொனோப்கா 2015-இலும் காலமாகியிருந்தார்கள். இறந்தவருக்கு நோபல் இல்லை என்பது விதி. கதவைத் திறந்தவர்கள் அந்த விதிக்கு வெளியே நின்றுவிட்டார்கள்.

பாலூட்டிகளின் செல்லுக்குள் கடிகாரச் சுழற்சி ஏறக்குறைய இப்படி ஓடுகிறது. க்ளாக், பிமால்1 என்ற இரண்டு புரதங்கள் ஜோடி சேர்ந்து செல்லின் உட்கருவில் சில மரபணுக்களை முடுக்கிவிடுகின்றன. அவற்றில் ஈயின் பீரியட்டுக்கு இணையான பெர், அத்துடன் க்ரை ஆகியவை முக்கியமானவை. அந்த மரபணுக்கள் உருவாக்கும் பெர், க்ரை புரதங்கள் செல்லுக்குள் மெதுவாகச் சேர்கின்றன. போதுமான அளவு சேர்ந்ததும் உட்கருவுக்குள் திரும்பி வந்து, தம்மைப் பிறப்பித்த அதே க்ளாக்-பிமால் ஜோடியைத் தடுக்கின்றன. உற்பத்தி நிற்கிறது. இருக்கும் புரதம் இரவெல்லாம் சிதைந்து தீர்கிறது. தடை விலகுகிறது. விடியும் தறுவாயில் உற்பத்தி மீண்டும் தொடங்குகிறது.

இவ்வளவையும் ஓரிரு மணி நேரத்தில் முடித்துவிட ஒரு செல்லால் முடியும். அதை ஒரு நாளுக்கு இழுப்பது எது என்பதே சுவையான கேள்வி. பெர் புரதத்தின்மேல் பாஸ்பேட் துணுக்குகளை ஒட்டி, அது எப்போது சிதையவேண்டும் என்று முடிவுசெய்யும் கேசீன் கைனேஸ் 1 என்ற நொதிக்கு அதில் பெரிய பங்கு உண்டு. ஓரிகன் ஹாம்ஸ்டரிடம் மாறியிருந்த மரபணு எது என்று 2000-ஆம் ஆண்டு தெரிந்தபோது, அது இந்த நொதியின் மரபணுவாக இருந்தது. அதற்கு அடுத்த ஆண்டே அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக் குடும்பம் ஒன்றின் கதை வெளியானது. அந்தக் குடும்பத்தில் பலர் தலைமுறை தலைமுறையாக மாலை ஏழரை வாக்கில் தூக்கத்தில் சரிவார்கள், விடியற்காலை நாலரைக்கு விழித்துவிடுவார்கள். அவர்களிடம் பெர்2 புரதத்தின் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. அதே நொதி வந்து ஒட்டும் இடத்தில்தான் அந்த மாற்றம். ‘அவருக்குச் சோம்பல்’, ‘இவர் சுறுசுறுப்பு’ என்று நாம் போடும் தீர்ப்புகளில் எத்தனை இப்படி ஒரு அமினோ அமிலத்தின்மேல் விழவேண்டியவை என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

இனி மனிதனின் நாள். பகல் வெளிச்சம், கடிகாரம், செய்தித்தாள் எதுவும் இல்லாத இடத்தில் ஆளை அடைத்தால் அவனுடைய உடல் எத்தனை மணி நேரத்தை ஒரு நாளாகக் கொள்ளும்? ஜெர்மனியின் ஆண்டெக்ஸில் யூர்கன் ஆஷாஃப் 1960களில் நிலத்தடி அறைகள் கட்டிப் பார்த்தார். கிடைத்த விடை சுமார் 25 மணி நேரம். பாடநூல்களிலும் அப்படியே ஏறிவிட்டது. அதில் ஓர் ஓட்டை இருந்தது. அந்த அறைகளில் இருந்தவர்கள் தங்கள் விருப்பப்படி விளக்கைப் போட்டுக்கொண்டார்கள், அணைத்துக்கொண்டார்கள். மின்விளக்கு கடிகாரத்தைப் பாதிக்காது என்றே அப்போது நினைத்தார்கள். இரவு நேரத்து விளக்கு நாளைப் பின்னுக்குத் தள்ளியிருக்கிறது. பாஸ்டனில் சார்லஸ் சைஸ்லர் குழு ஆட்களை மங்கலான வெளிச்சத்தில், உடல் கடிகாரம் ஈடுகொடுக்க முடியாத 28 மணி நேர ‘நாளில்’ வாழவைத்து, உடல் வெப்பநிலையையும் ஹார்மோன்களையும் அளந்தது. 1999-இல் வந்த விடை சராசரியாக 24 மணி 11 நிமிடம். ஆளுக்கு ஆள் வித்தியாசம் இருந்தாலும் அது நிமிடக்கணக்கில் ஊசலாடும் வித்தியாசம்தான்.

ஆக, பெரும்பாலானவர்களுடைய கடிகாரம் நாளுக்குக் கொஞ்சம் பின்தங்கும் கடிகாரம். திருத்தாமல் விட்டால் ஒரு மாதத்தில் ஐந்து மணி நேரத்துக்கும் மேல் விலகிவிடும். இதைக் குறையாகப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. மிகத் துல்லியமாக 24 மணி நேரம் ஓடும் கடிகாரத்துக்கு வெளியுலகத்தைக் கேட்கவேண்டிய தேவையே இல்லை. கோடைக்கும் குளிருக்கும் விடியல் நேரம் மாறுவதைக்கூட அது கவனிக்காது. தினமும் திருத்தப்படுவதற்காகவே அமைந்த கடிகாரம் நம்முடையது. திருத்தும் கை ஒளி.

அந்தக் கை எல்லா நேரத்திலும் ஒரே மாதிரி திருத்துவதில்லை. ஊஞ்சல் நம்மை நோக்கி வரும்போது தள்ளினால் வேகம் குறையும், விலகிப் போகும்போது அதே தள்ளு தள்ளினால் வேகம் கூடும். மூளைக் கடிகாரத்துக்கு ஒளியும் இப்படித்தான். மாலையிலும் முன்னிரவிலும் விழும் ஒளி கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறது, பின்னிரவிலும் விடியலிலும் விழும் ஒளி முன்னுக்கு இழுக்கிறது. நடுப்பகலில் எவ்வளவு வெயில் அடித்தாலும் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. காரணம் மேலே சொன்ன புரதச் சுழற்சியிலேயே இருக்கிறது. எஸ்.சி.என்.-க்கு ஒளிச் செய்தி வந்ததும் அது பெர் மரபணுவை முடுக்கிவிடுகிறது. முன்னிரவில் பெர் உற்பத்தி இறங்குமுகத்தில் இருக்கும். அப்போது முடுக்கினால் தீரவேண்டியது தீராமல் நீள்கிறது, இரவு தள்ளிப்போகிறது. பின்னிரவில் உற்பத்தி தொடங்கத் தயாராக இருக்கும். அப்போது முடுக்கினால் நாள் சற்று முன்னதாகவே தொடங்கிவிடுகிறது. பகலில் ஏற்கனவே உற்பத்தி மும்முரம், கூடுதல் முடுக்கலுக்கு வேலையில்லை.

இந்த இரண்டு விளைவுகளுக்கும் நடுவே ஒரு திருப்புமுனை உண்டு. உடல் வெப்பநிலை மிகவும் தாழும் நேரம் அது. வழக்கமாக எழும் நேரத்துக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்பு வரும். காலை ஆறு மணிக்கு எழுபவருக்கு அது நாலு மணி வாக்கில். அதற்கு முன் விழும் ஒளி பின்னே தள்ளும், பின்பு விழும் ஒளி முன்னே இழுக்கும்.

லண்டனில் சில மாதங்கள் இருந்துவிட்டு, குளிர்காலத்தில் சென்னைக்குத் திரும்பும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். விமானம் அதிகாலையில் இறங்குகிறது. ‘வெயிலில் நில், ஜெட் லாக் போய்விடும்’ என்று வீட்டில் சொல்கிறார்கள். அவருடைய மூளையில் இன்னும் லண்டன் நேரம். அங்கே அதிகாலை நாலு மணி என்றால் இங்கே காலை ஒன்பதரை. எனவே ஏழு மணிக்கு மொட்டைமாடியில் அவர்மீது விழும் வெயில், அவருடைய கடிகாரத்துக்கு நள்ளிரவு ஒன்றரைக்கு விழும் வெளிச்சம். முன்னே வரவேண்டிய கடிகாரத்தை அது இன்னும் மேற்கே தள்ளுகிறது. அதே வெயில் பத்தரைக்கு மேல் பட்டால் உதவுகிறது. முதல் இரண்டு நாள் காலையில் திரைச்சீலையை இழுத்து விட்டுக்கொண்டு, பத்தரைக்கு மேல் வெளியே போவதே அவருக்குச் சரி. காலை வெயில் நல்லது என்ற பொது அறிவுரை தோற்கும் இடம் இது.

இந்த ஒளியை உணர்வது எது? கண்தான். ஆனால் பார்வை அல்ல. அறிவியலில் இதைப் போல நீண்ட காலம் கண்ணெதிரே இருந்தும் தட்டுப்படாத விஷயங்கள் அதிகம் இல்லை.

1920களில் ஹார்வர்டில் மாணவராக இருந்த க்ளைட் கீலர், பார்வையிழந்த சுண்டெலிகளை வளர்த்துவந்தார். அவற்றின் விழித்திரையில் ஒளியை உணரும் குச்சி செல்களும் கூம்பு செல்களும் ஏறக்குறைய அழிந்துவிட்டிருந்தன. ஆனாலும் ஒளி பட்டால் அவற்றின் கண்மணி சுருங்கியது. கீலர் இதை எழுதி வைத்தார். யாரும் பொருட்படுத்தவில்லை. அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பிறகு, நாம் மேலே ஹாம்ஸ்டர் அறுவையில் சந்தித்த அதே ரஸ்ஸல் ஃபாஸ்டர், பார்வையற்ற சுண்டெலிகளின் உடல் கடிகாரம் ஒளிக்குச் சற்றும் குறையாமல் பதிலளிப்பதைக் கண்டார். 1999-இல் அவருடைய குழு, குச்சி, கூம்பு இரண்டுமே இல்லாத சுண்டெலிகளை மரபணு முறையில் உருவாக்கிச் சோதித்தது. கடிகாரம் அப்போதும் ஒளிக்கு நகர்ந்தது. கண்களை அகற்றிய பிறகுதான் நகரவில்லை. ஆகவே விழித்திரையில் மூன்றாவதாக ஓர் ஒளியுணர் செல் இருந்தாகவேண்டும். விழித்திரையை நூற்றைம்பது ஆண்டுகளாக நுண்ணோக்கியில் துருவிய பிறகு, இதை நம்ப மறுத்தவர்கள் ஏராளம். அவர்கள்மேல் குற்றமில்லை. நானும் அந்தப் பக்கம்தான் நின்றிருப்பேன்.

விடை ஒரு தவளையின் தோலிலிருந்து வந்தது. ஆப்பிரிக்கத் தவளை ஒன்றின் தோலில் உள்ள நிறமிச் செல்கள் ஒளி பட்டால் நிறம் மாறும். அங்கே ஒளியை உணரும் புரதத்தை 1998-இல் இக்னாசியோ ப்ரொவென்சியோ கண்டுபிடித்து ‘மெலனாப்சின்’ என்று பெயரிட்டார். பிறகு அதே புரதம் பாலூட்டியின் விழித்திரையிலும் கிடைத்தது. குச்சியிலும் இல்லை, கூம்பிலும் இல்லை. மூளைக்குச் செய்தி கடத்துவது மட்டுமே தம் வேலை என்று கருதப்பட்ட கேங்லியான் செல்களில், அதுவும் அவற்றில் ஒரு சிறுபான்மையில் மட்டும் இருந்தது. பிரவுன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பெர்சன், எலியின் எஸ்.சி.என்.-இல் ஒரு சாயத்தைச் செலுத்தினார். சாயம் நரம்பிழை வழியே பின்னோக்கிப் பயணித்து, எந்த விழித்திரைச் செல்கள் அங்கே செய்தி அனுப்புகின்றனவோ அவற்றுக்கு மட்டும் நிறமேற்றியது. அந்தச் செல்களை நுண்குழாயால் பிடித்து, மற்ற செல்களோடு இருந்த பேச்சுவார்த்தையை மருந்தால் துண்டித்துவிட்டு ஒளியைக் காட்டினார். தனித்து நின்ற செல் மின்சாரத்தால் விழித்தது. குச்சியும் கூம்பும் விநாடியில் சிறு பகுதிக்குள் பதில் தரும். இந்தச் செல்லோ சில விநாடிகள் தாமதித்து எழுந்தது, விளக்கை அணைத்த பிறகும் உடனே அடங்காமல் தொடர்ந்து துடித்தது. 2002-இல் இது வெளியானது. அதே சமயம் சாமர் ஹத்தாரும் சகாக்களும் மெலனாப்சின் உள்ள செல்கள்தான் எஸ்.சி.என்.-க்கு இழை நீட்டுகின்றன என்று காட்டினார்கள்.

அந்த மந்தகதி வீண் அல்ல. ஓடும் பந்தைப் பிடிக்க வேகம் வேண்டும். விடிந்துவிட்டதா என்று அறிய வேண்டியது பொறுமையாகக் கூட்டிப் பார்க்கும் கண். மின்னலுக்கும் தீக்குச்சிக்கும் ஏமாறாமல், நிமிடக்கணக்கில் வந்துசேரும் ஒளியின் மொத்தத்தை அளக்கும் கருவி அது. மெலனாப்சின் அதிகம் உறிஞ்சுவது சுமார் 480 நானோமீட்டர் அலைநீள நீல ஒளியை. மேகமில்லாத வானில் தாராளமாகக் கிடைப்பதும் அந்த நிறம்தான்.

இந்தச் செல்களை மட்டும் குறிவைத்து அழித்த சுண்டெலிகளைப் பற்றி 2008-இல் ஆய்வுகள் வந்தன. அவற்றுக்குப் பார்வை இருந்தது. ஆனால் பகல்-இரவு மாற்றத்தோடு அவற்றின் கடிகாரம் ஒட்டவில்லை. ஒரே கண்ணுக்குள் இரண்டு புலன்கள் இருக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை.

மனிதர்களிடம் இதன் விளைவு நேரடியானது. பார்வையை முற்றிலும் இழந்தவர்களில் சிலருக்கு, கண்ணில் பிரகாசமான ஒளி காட்டியதும் ரத்தத்தில் மெலடோனின் என்ற ஹார்மோன் குறைவதை சைஸ்லர் குழு 1995-இலேயே கண்டது. கண்ணைக் கட்டியபோது குறையவில்லை. வெளிச்சம் வருவதே தெரியாத அவர்களுடைய கண்கள் மூளைக் கடிகாரத்துக்கு மட்டும் வெளிச்சத்தைச் சொல்லிக்கொண்டிருந்தன. விழித்திரையே சிதைந்துபோன பார்வையற்றவர்களின் கதை வேறு. அவர்களில் பலருடைய கடிகாரம் தன் சொந்த நாளின்படி நழுவிக்கொண்டே போகும். சில வாரங்கள் இரவில் நல்ல தூக்கம், அடுத்த சில வாரங்கள் பகலில் தூக்கமும் இரவில் விழிப்பும், பிறகு மறுபடி நல்ல தூக்கம். காரணம் தெரியாமல் இதைத் தூக்கமின்மை என்று மாத்திரை கொடுத்துச் சமாளித்த காலம் நெடியது. பார்வை போன கண்ணை, வலி என்பதற்காகவோ அழகுக்காகவோ அகற்றத் தீர்மானிக்கும் முன் மருத்துவர் இந்தச் செல்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று யோசிக்கவேண்டியிருக்கிறது.

மெலடோனின் என்று சொன்னேன். எஸ்.சி.என். நேரத்தை உடம்புக்குச் சொல்லும் வழிகளில் அது ஒன்று. மூளையின் நடுவிலுள்ள பீனியல் சுரப்பி இரவில் அதைச் சுரக்கிறது. எஸ்.சி.என்.-இலிருந்து பீனியல் அதிக தூரமில்லை. ஆனால் செய்தி போகும் பாதையைப் பாருங்கள். மூளையிலிருந்து கீழே இறங்கித் தண்டுவடத்தின் மார்புப் பகுதி வரை போகிறது, அங்கிருந்து வெளியேறிக் கழுத்திலுள்ள நரம்பு முடிச்சுக்கு வருகிறது, பிறகு மறுபடி மேலேறித் தலைக்குள் நுழைந்து பீனியலை அடைகிறது. கழுத்துப் பகுதியில் தண்டுவடம் முழுதாக அறுந்துபோனவர்களுக்கு இரவு மெலடோனின் இல்லாமல் போவது இதனால்தான். இன்னொன்று, மெலடோனினைத் தூக்க மருந்து என்று விற்கிறார்கள். இரவெல்லாம் ஓடும் ஹாம்ஸ்டருக்கும் அது இரவில்தான் சுரக்கிறது. அது தூங்கு என்று சொல்வதில்லை, இருட்டிவிட்டது என்று சொல்கிறது.

கைபேசி வெளிச்சம்தான் தூக்கத்தைக் கெடுக்கிறது என்பது இப்போதைய வீட்டுக்கு வீடு வாதம். 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், படுக்கும் முன் நாலு மணி நேரம் ஒளிரும் திரையில் படித்தவர்களுக்கு மெலடோனின் சுரப்பு ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. பேச்சுக்கு இந்த எண்ணைத்தான் எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். அதே ஆய்வில் தூக்கம் வரத் தாமதமானது ஏறக்குறைய பத்து நிமிடம் மட்டுமே. அதுவும் அவர்கள் பகலெல்லாம் மங்கலான அறையில் இருந்தவர்கள். திரையைவிடப் பெரிய கோளாறு பகலில் இருக்கிறது என்பது என் எண்ணம். நன்றாக விளக்கு எரியும் அலுவலக அறையில் சில நூறு லக்ஸ் இருந்தால் அதிகம். மேகமூட்டமான நாளில்கூட வெளியே பத்தாயிரம் லக்ஸ் இருக்கும், நேர்வெயிலில் ஒரு லட்சத்தை எட்டும். உள்ளே இருக்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரிவதில்லை, பார்வை தன்னை அனுசரித்துக்கொள்கிறது. மெலனாப்சின் செல்லுக்கு அது நாள் முழுவதும் அந்தி. கொலராடோவில் கென்னத் ரைட் எட்டுப் பேரை ஒரு வாரம் மின்விளக்கில்லாத மலைக்காட்டில் கூடாரமடித்துத் தங்கவைத்தார். 2013-இல் வெளியான அந்த முடிவின்படி, அவர்களுடைய மெலடோனின் சுமார் இரண்டு மணி நேரம் முன்னதாகவே சுரக்கத் தொடங்கியது. கைபேசியை விட்டது மட்டும் காரணமல்ல, பகல் வெளிச்சத்தை நாலு மடங்குக்கு மேல் கூடுதலாகக் கண்டதும் காரணம்.

ஒளியே எட்டாத இடத்தில்? மதுரைக்கு வருவோம். ஜெர்மனியில் எர்வின் பியூனிங்கின் டியூபிங்கன் ஆய்வுக்கூடத்தில் பயின்று திரும்பிய எம்.கே. சந்திரசேகரன், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் உயிர்க்கடிகார ஆய்வுக்கு ஒரு வீடு கட்டித் தந்தார். மனிதர்களைத் தனிமையில் வைத்துப் பார்க்கும் நிலவறையும் அங்கே எழுந்தது. 1979-இல் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது அவருக்குக் கிடைத்தது. அவருடைய குழுவின் மிக அழகான வேலை என்று நான் கருதுவது வௌவால் பற்றியது. மாலையில் இரைதேடிக் குகையை விட்டுக் கிளம்பும் சிறு வௌவால்கள், பகல் முழுவதும் தங்குவது ஒளி நுழையாத குகையின் உட்பகுதியில். அவற்றில் ஒன்றைக் கூண்டில் அடைத்து அதே இருட்டுக்குள் வைத்தார்கள். சுற்றிலும் கூட்டாளிகள் தங்கி, தினமும் போய் வந்துகொண்டிருந்தவரை, அந்தக் கைதி வௌவாலும் அவை கிளம்பும் நேரத்தில் சிறகடித்தது. வெளிச்சத்தை அது காணவேயில்லை. மற்ற வௌவால்கள் இல்லாத இருட்டில் தனியே வைத்தபோது அதன் கடிகாரம் தன் போக்கில் நழுவத் தொடங்கியது. 1981-இல் ஜி. மாரிமுத்து, எஸ். ராஜன், சந்திரசேகரன் மூவரும் இதை வெளியிட்டார்கள். விடியலைக் காணாத உயிர், காணும் உயிர்களைக் கேட்டுத் தன் நேரத்தைத் திருத்திக்கொள்கிறது.

ஒளிக்கு அடுத்தபடியாக உடம்பு நேரம் கேட்கும் இன்னொரு இடம் சோறு. கல்லீரல், கணையம், குடல், தசை என்று எல்லாவற்றுக்குள்ளும் அதே மரபணுக்களின் கடிகாரம் ஓடுகிறது. இயல்பாக எஸ்.சி.என். சொன்னபடி நடப்பவை அவை. சுண்டெலிக்கு இரவு உணவை நிறுத்திப் பகலில் மட்டும் போட்டால், சில நாளில் கல்லீரலின் கடிகாரம் தலைகீழாகத் திரும்பிவிடுகிறது. எஸ்.சி.என். மட்டும் ஒளியை நம்பித் தன் இடத்தில் நிற்கிறது. ஒரே உடம்பில் இரண்டு நேரம். ஜெனீவாவில் உவெலி ஷிப்லர் குழு இதை 2000-இல் காட்டியது.

சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் அமெரிக்க நேரத்துக்கு வேலைபார்ப்பவருக்கும், மருத்துவமனையில் மாறிமாறி இரவுப்பணி பார்க்கும் செவிலியருக்கும் நடப்பது அந்தச் சுண்டெலிக்கு நடந்ததுதான். பத்தாண்டு இரவுப்பணி பார்த்தாலும் பெரும்பாலானவர்களுடைய எஸ்.சி.என். இரவுக்கு மாறுவதில்லை. பணி முடிந்து வீடு திரும்பும் காலை வெயில் அதைத் தினமும் பகலுக்கு இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறது, விடுமுறை நாள்கள் மிச்சத்தை முடிக்கின்றன. நள்ளிரவு பிரியாணியோ கல்லீரலுக்கு வேறு நேரத்தைச் சொல்கிறது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-இல் இரவுப்பணியை ‘அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும்’ என்ற வரிசையில் சேர்த்தது, 2019-இல் மறுபடி ஆராய்ந்துவிட்டு அப்படியே வைத்திருக்கிறது. சர்க்கரை நோய் பற்றிய சான்றுகளும் சேர்ந்துகொண்டே போகின்றன.

பாஸ்டனில் 2021-இல் வெளியான ஒரு சோதனையில் ஆரோக்கியமான இளவயதினரை ஆய்வுக்கூடத்திலேயே இரவுப்பணிக் கால அட்டவணையில் வாழவைத்தார்கள். ஒரு பிரிவினர் இரவுப்பணியாளர்களைப் போல இரவிலும் சாப்பிட்டார்கள், இன்னொரு பிரிவினர் விழித்திருந்தாலும் பகலில் மட்டுமே சாப்பிட்டார்கள். இரவில் சாப்பிட்டவர்களுக்கு ரத்தச் சர்க்கரை ஏறியது. பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு ஏறவில்லை. தூக்க நேரம் இருவருக்கும் ஒன்றுதான். ஷிப்டை மாற்ற முடியாதவருக்கு இப்போதைக்குச் சொல்ல முடிந்த நடைமுறை யோசனைகள் இரண்டு. பணிக்குக் கிளம்புமுன் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவே கேண்டீனைத் தவிர்ப்பது. காலையில் பகல் தூக்கத்துக்காக வீடு திரும்பும்போது, வண்டியில் பின்னால் உட்கார்ந்து வருபவரானால், கறுப்புக் கண்ணாடி அணிந்துகொள்வது. தானே வண்டி ஓட்டுபவருக்கு இரண்டாவது யோசனை கிடையாது. அந்த நேரத்தில் சாலையில் கண் சொருகாமல் இருப்பதற்கு அந்த வெயிலே அவருக்குத் துணை.